மூன்றாவது புகார்

கழுத்துப் பட்டன் பூட்ட வரவில்லை. அவள் தம்பியின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் பட்டனைத் துளைக்குள் தள்ளிப் பார்த்தாள். ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிய கழுத்து சட்டைக்கு அடங்க மறுத்தது.

"விடுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். "உசுரோட இருந்தப்பவே அந்தப் பட்டன ஒரு நாளும் போட்டதில்ல அவரு."

அவள் விடவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். நூல் அறுந்து பட்டன் தரையில் விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் குனியவில்லை.

மணி பன்னிரண்டரை. நாலரைக்கு எடுப்பதாகப் பேச்சு. வெளியே வாடகை நாற்காலிகளில் துறைமுகத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் வழியாக அவர்கள் பேச்சு முழுக்க உள்ளே கேட்டது. செத்தவனைப் பற்றி ஆரம்பித்து, டீசல் விலைக்குப் போய், மறுபடி செத்தவனிடம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டின் மேல் இருக்கும் அரசாங்கத்தின் கரையோர வானொலி நிலையத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பாளர். அந்த அலைவரிசையில் பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கடலில் இருப்பவர்களுக்கு வானிலை படிப்பார்கள். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், எந்த வட்டாரத்தில் மழை, சிறு படகுகள் வெளியே நிற்கலாமா, திரும்ப வேண்டுமா. மற்ற நேரமெல்லாம் வெறும் இரைச்சல்தான். காலையில் வேறொருவர் படிப்பார். மாலை என்றால் அவள்தான்.

துறைமுகத்தில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'அஞ்சுமணி' என்று கேட்டால் ஐஸ் உடைக்கிறவர்கூட வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். அந்தப் பட்டத்தை வைத்தவன் தம்பி. கரைக்கு வந்தால் மீன் கூடையை இறக்குவதற்கு முன்பே விசாரணையை ஆரம்பித்துவிடுவான். "செவ்வாக்கெழம உனக்குச் சளியாக்கா? மூக்கால படிச்ச." "வெள்ளிக்கெழம மாமாகூட சண்டையா? அலை ரெண்டு மீட்டர்னு சொல்றப்ப அந்த வெட்டு வெட்டுற. அலை என்ன பாவம் பண்ணிச்சு?" அவள் தொண்டையில் என்ன நடக்கிறது என்று கூடவே குடித்தனம் நடத்துகிற கணவனுக்குத் தெரியாது. நாற்பது மைல் தள்ளி, ஒரு கையளவு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

வெளியே ஒட்டடை பேச ஆரம்பித்தான். தம்பியுடன் படகில் போனவன். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவனை நேற்றுக் காலை இன்னொரு படகு கண்டெடுத்தது. கயிற்றில் சிக்கியிருந்த தம்பியையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். நேற்றிலிருந்து இதே கதையைப் புதிதாக யார் வந்தாலும் சொல்கிறான். சொல்லாவிட்டால் அவனால் உட்கார முடியவில்லை.

"திங்கக்கெழம விடியறதுக்கு முன்னாடி கெளம்புனோம். அன்னைக்கு அஞ்சு மணிக்கு ரேடியோ செட்டப் போட்டா வெறும் இரைச்சல். முள்ளு சரியான எடத்துலதான் நிக்குது, பேச்சு இல்ல. அண்ணன் தட்டுனாரு, குலுக்குனாரு. செவ்வாக்கெழம காலையிலும் இல்ல, சாயங்காலமும் இல்ல. நான் சொன்னேன், ஒருவேள நிலையத்துலயே ஏதாச்சும் கோளாறோ என்னவோன்னு. மொறச்சாரு பாருங்க. 'டேய், எங்கக்கா கல்யாணத்தன்னைக்கே பந்தல்லேர்ந்து எந்திரிச்சுப் போயி படிச்சிட்டு வந்தவ. நூத்திரெண்டு காய்ச்சல்ல படிச்சவ. அவ பேசாம இருக்கவே மாட்டா. செட்டுதான் படுத்துடுச்சு'ன்னாரு."

யாரோ இருமினார்கள்.

"புதன்கெழம நாலரைக்கே கழட்ட ஆரம்பிச்சிட்டாரு. கத்தி முனையால நாலு திருகாணி. பேட்டரிய எடுத்து டார்ச்சுல போட்டா பளிச்சுனு எரியுது. 'பேட்டரி நல்லாருக்குடா, அப்ப இதுக்கு என்னதான் சீக்கு'ன்னு ஒவ்வொரு ஒயரா தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. படகுக் கூண்டுக்குள்ள குனிஞ்ச தல நிமிரல. நான் பின்பக்கம் வலையோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறேன். மேற்க கறுத்துக்கிட்டு வந்தத ரெண்டு பேருமே பாக்கல. பாத்தப்ப பக்கத்துல வந்திருச்சு."

"பழைய செட்டு. மாத்துடா மாத்துடான்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்," என்றது ஒரு பெரியவர் குரல். "ஒரு பெட்டிய நம்பி உசுர விட்டுட்டான் பாவி."

உள்ளே அவள் தம்பியின் காலரை மடித்துவிட்டாள். நேற்றுக் காலையிலிருந்து யாராவது ஒருவர் தன்னிடம் வந்து கேட்பார் என்று காத்திருந்தாள். ஏன் படிக்கவில்லை என்று கேட்பார். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே யாருக்கும் தோன்றவில்லை. அஞ்சுமணி பேசவில்லை என்று நினைப்பதைவிட ஒரு வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைப்பது அவர்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்தது.

போன சனிக்கிழமை அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஒன்றரைப் பக்கம். கைபேசிச் செயலி வந்துவிட்ட பிறகு கடலோடிகளுக்கான வானொலி ஒலிபரப்பு தேவையா என்று மேலிடம் ஆராய்கிறது. ஆகவே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள், முன்னறிவிப்பு இல்லாமல் ஒலிபரப்பு நிறுத்தி வைக்கப்படும். அந்த நாட்களில் வரும் புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டு நேயர்களின் எண்ணிக்கை கணிக்கப்படும். ஊழியர்கள் இதைப் பற்றி வெளியே, குடும்பத்தினர் உட்பட, யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் கணிப்பு பழுதாகும். கீழே ஐந்து ஊழியர்களின் கையெழுத்து. மூன்றாவது அவளுடையது.

அப்போதே கேட்டாள். "கடலுக்குள்ள இருக்கிறவன் எப்படி சார் புகார் கொடுப்பான்? அவங்ககிட்ட இருக்கிறது கேக்குற பெட்டி. திருப்பிப் பேச முடியாது. பன்னெண்டு மைலுக்கு அப்பால செல்போனும் எடுக்காது."

"கரைக்கு வந்து கொடுக்கலாமேம்மா," என்றார் துணை இயக்குநர். "கட்டணமில்லா எண் இருக்கு. இணையதளம் இருக்கு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை இதே வீட்டில், இதே முன்னறையில் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நாளைக்குக் கிளம்புகிறேன், வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றான். சரி என்றாள்.

புதன்கிழமை நாலரைக்கு அறிக்கை வழக்கம்போல அச்சாகி வந்தது. படிக்கத்தான் தடை, வருவதற்குத் தடை இல்லை. வாங்கி, கையெழுத்திட்டு, கோப்பில் வைக்க வேண்டும். தம்பி போயிருந்த தெற்கு வெளிக்கடல், மஞ்சள் நிலை. மேற்கிலிருந்து திடீர்ச் சுழல்காற்று. சிறு படகுகள் உடனே கரை திரும்பவும். அவள் துணை இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தாள். "சார், இத மட்டும் படிச்சிடட்டுமா?"

"மஞ்சளா, சிவப்பா?"

"மஞ்சள்."

"சிவப்புன்னா படிக்கலாம்னு ஏழாவது பத்தில இருக்கு. மஞ்சள்தானே. செயலில போட்டாச்சும்மா. விடுங்க."

விட்டாள். தாளைத் துளையிட்டு, கோப்பில் கோத்து, மூடினாள். ஒலிவாங்கி அவளிடமிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

மூன்றரை மணி வாக்கில் துணை இயக்குநர் வந்தார். அலுவலக வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு நீலக் கோப்போடு நடந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வியர்த்திருந்தார். இறந்தவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே பார்த்தபடி நின்றார். பிறகு கண்ணால் அவளைத் தேடினார். அவள் அடுக்களைக்குப் போனாள். அவரும் பின்னால் வந்தார்.

"வார்த்தையே வரலம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "உங்க தம்பின்னு நேத்து ராத்திரிதான் தெரியும்."

"வேற யாரோட தம்பியா இருந்தாலும் செத்திருப்பான் சார்."

அவர் கழுவு தொட்டியைப் பார்த்தார். அதில் எழுபது எண்பது காலி டம்ளர்கள் குவிந்து கிடந்தன.

"ஒரு விபத்து அறிக்கை மட்டும் இன்னைக்கே அனுப்பணும். 'படகிலிருந்த வானொலிப் பெட்டி இயங்கவில்லை.' அவ்வளவுதான். உங்க தம்பி சம்சாரம் ஒரு கையெழுத்து, கூடப் போன ஆள் சாட்சி. அவரே ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்காரு. நாம எதையும் திரிக்கல."

"பெட்டி கடலுக்கடில கெடக்கு. அது நல்லா இருந்துச்சா இல்லையான்னு யாரு போயி பாத்தா?"

"அம்மா." அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார். "உங்க கையெழுத்தும்தான் அந்தச் சுற்றறிக்கைல இருக்கு. புதன்கிழமை மஞ்சள் அறிக்கைய வாங்கிக் கோப்புல வெச்சதுக்கும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நான் போன்ல சொன்னதுக்கு எங்கயும் எழுத்து இல்ல. மெரட்டல. உங்களுக்கு வரக்கூடாதேன்னுதான் சொல்றேன். எப்படியும் அடுத்த வருஷம் ஒலிபரப்ப மூடத்தான் போறாங்க. இந்தக் கணிப்பு ஒரு சடங்கு மாதிரி. இதுவரைக்கும் எத்தன புகார் வந்திருக்கு தெரியுமா? ரெண்டு. ஒண்ணு ரிட்டயர்டு கப்பல் மாலுமி, வீட்ல பொழுது போகாம கேக்குறவரு. இன்னொண்ணு பள்ளிக்கூட வாத்தியார். கடல்லேர்ந்து ஒரு புகார் கிடையாது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் குழாயைத் திறந்தாள். ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதைத் தொட்டியில் வீசினாள். எவர்சில்வர் டம்ளர் என்பதால் உடையவில்லை. சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. முன்னறையில் பேச்சு ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

துணை இயக்குநர் முன்னறைக்குத் திரும்பிவிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் தம்பி மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கோப்பை மடியில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒட்டடையைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுத் தலைகள்.

"இந்த எடத்துலம்மா," என்றார். "அவசரமில்ல. நெதானமாப் போடுங்க."

"என்ன எழுதியிருக்கு?" தம்பி மனைவியின் குரல் அழுது அழுது கரகரத்திருந்தது.

"ரேடியோ ரிப்பேரா இருந்துச்சுன்னு. வேற ஒண்ணுமில்ல."

"ஆமா, ரிப்பேர்தான்," என்றான் ஒட்டடை. "நானே சொல்றேன்ல. மூணு நாள் ஊமையாக் கெடந்துச்சு."

தம்பி மனைவி பேனாவை வாங்கினாள். எழுதிப் பார்ப்பதற்காகக் கோப்பின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

"செட்டு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அஞ்சுமணி.

இருபத்திரண்டு வருடப் பழக்கம், அவள் கத்தவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "ஒயரு நல்லாருந்துச்சு. பேட்டரி நல்லாருந்துச்சு. நான்தான் பேசல. ஏழு நாளைக்குப் பேசக்கூடாதுன்னு உத்தரவு. எத்தன பேரு புகார் பண்றாங்கன்னு எண்ணிப் பாக்குறதுக்காக. திங்கக்கெழமலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்கோம்."

துணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒட்டடைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "அப்ப செட்டு..." என்றான். பிறகு, "கடேசி வரைக்கும் செட்டத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு அக்கா. ஒங்கள ஒரு வார்த்த சொல்லல," என்றான். அதைவிட அவன் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

தம்பி மனைவி பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கெழம."

"ஞாயித்துக்கெழம இங்க வந்தீங்க."

"வந்தேன்."

"அவரு பக்கத்துல உக்காந்து சாப்புட்டீங்க. நான்தான் பரிமாறுனேன்."

"ஆமா."

"சொல்லல."

"சொல்லல. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போட்டிருந்தேன். புதன்கெழம காத்து வருதுன்னு தாள் வந்துச்சு. படிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாங்க. விட்டுட்டேன்."

அடுத்தது அறையாக இருக்கும், அல்லது ஓலமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் எதிர்பார்த்தாள், வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கையைக்கூடத் தொங்கவிட்டு நின்றாள். தம்பி மனைவி அவளைப் பார்க்கக்கூட இல்லை. துணை இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"எத்தன புகார் வந்திருக்கு?"

"அம்மா, அது இப்ப..."

"எத்தன?"

"ரெண்டு."

"மூணுன்னு எழுதிக்கங்க." கட்டிலைக் கையால் காட்டினாள். "இவரு பேரப் போட்டுக்கங்க. கடல்லேர்ந்து ஒண்ணுகூட வரலன்னு இனி சொல்லாதீங்க."

பேனாவை மூடாமலே அவர் மடியில் போட்டாள். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் மை பரவ ஆரம்பித்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. வெளியே நாற்காலி ஒன்று விழுந்தது. "எந்திரிச்சு வெளிய வாய்யா," என்று யாரோ கத்தினார்கள். பெரியவர் ஒருவர் உள்ளே நுழையப் பார்க்க, ஒட்டடை நிலைப்படியில் காலை நீட்டி மறித்தான்.

"இருங்க," என்றாள் தம்பி மனைவி. "இவர அடிச்சா யாருக்கு என்ன ஆகப்போவுது? என் தம்பி கடல்ல இருக்கான்." எழுந்து நின்றாள். "புதன்கெழம ராத்திரி போனான். இவரு செத்தது அவனுக்கு இன்னும் தெரியாது. நாளைக்குத்தான் வருவான். அவன் படகோட சேத்து மூணு படகு வெளிய நிக்குது. இன்னைக்கு எப்படி இருக்கும்?"

வாசலில் நின்றவர்கள் துணை இயக்குநரைப் பார்த்தார்கள்.

"சார், உங்களத்தான். உங்க செல்லுல இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க."

அவர் கைபேசியை எடுத்தார். விரலால் தள்ளினார். வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"மஞ்சள்," என்றார்.

"எங்க?"

"தெற்கு வெளிக்கடல்."

"யாரு படிப்பா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உத்தரவு இருக்கும்மா. நான் மேல பேசுறேன். இன்னைக்கே பேசுறேன். ஆனா எழுத்துல வர்றதுக்கு..."

தம்பி மனைவி அவர் முடிக்கும்வரை நிற்கவில்லை. முதல் முறையாக அஞ்சுமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஏதும் இல்லை. பல வருடத்துக்கு இருக்காது என்றும் தெரிந்தது.

"நீங்க ஏன் இன்னும் இங்க நிக்கிறீங்க?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து. நாலரைக்கு எடுக்கிறார்கள். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள். ஒட்டடையின் காலைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். நேற்றுவரை எழுந்து நின்று வழிவிட்டவர்கள் இன்று உட்கார்ந்தபடியே முழங்காலை மட்டும் ஒதுக்கினார்கள்.

நிலையத்துக்கு மேட்டில் ஏறி அரை மணி நேரம் நடக்க வேண்டும். நடந்தபடியே திட்டிக்கொண்டு போனாள். துணை இயக்குநரைத் திட்டினாள். சுற்றறிக்கையை எழுதியவனைத் திட்டினாள். அவன் எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து 'கணிப்பு பழுதாகும்' என்று அரைப்புள்ளி போட்டு எழுதியிருப்பான். கடைசியில் தம்பியையும் திட்டினாள். மூணு நாளா நான் பேசலன்னா ஏதோ நடந்திருக்குன்னு தெரிய வேணாமாடா? பெட்டியக் கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பியா? என்னை அவ்வளவு நம்பச் சொன்னது யாரு? எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கி நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

கட்டுப்பாட்டு அறையில் இன்ஜினியர் நாளிதழை விரித்துக் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் மனிதர். ஒலிபரப்பு இல்லாத இந்த வாரத்தில் தினம் ஒரு கட்டம் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்க வீட்ல இல்ல இருக்கணும்?"

"இருந்துட்டுத்தான் வர்றேன். அறிக்கை வந்துச்சா?"

"வந்துச்சு. கோப்புல வெச்சாச்சு."

"எடுத்துக் குடுங்க. மெசினப் போடுங்க."

"உத்தரவு இருக்கும்மா."

"தெரியும். கையெழுத்துப் போட்டவளே நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். அவர் ஏதாவது சொன்னால் அவரையும் திட்டத் தயாராக இருந்தாள். அவர் சொன்னது வேறு. "நாலு நாளா அணைச்சே வெச்சிருக்கேன். சூடேறப் பத்து நிமிசம் ஆகும். இப்ப நாலு நாப்பத்தி ரெண்டு." சொல்லிக்கொண்டே சுவரோரம் போய் பெரிய விசையைக் கீழே இறக்கினார். உள் அறையில் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தாளை ஒரு முறை வாசித்தாள். நாலரைக்கு எடுத்திருந்தால் இப்போது பெரிய தெருவைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் போடவில்லை.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியர் கையை உயர்த்தி இறக்கினார்.

"கடலோடிகளுக்கான வானிலை அறிக்கை," என்று ஆரம்பித்தாள். குரல் எடுத்த எடுப்பிலேயே வெட்டியது. வெட்டட்டும் என்று விட்டாள். வட்டாரம் வட்டாரமாகப் படித்துக்கொண்டு போனாள். தாளில் இல்லாத ஒரு வரியை நடுவில் சேர்த்தாள்: "கடந்த நான்கு நாட்களாக இந்த ஒலிபரப்பு வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டது. உங்கள் வானொலிப் பெட்டிகளில் பழுது இல்லை. அவற்றைக் கழற்ற வேண்டாம்." இன்ஜினியர் தலையை நிமிர்த்தினார். பிறகு குனிந்துகொண்டார்.

முதல் வாசிப்பு முடிவதற்குள் வெளி அறையில் தொலைபேசி அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது. இன்ஜினியர் எழுந்து போனார். ரிசீவரைக் காதில் வைக்காமல் அப்படியே எடுத்து, மேசைமேல் விரித்திருந்த நாளிதழில் மல்லாத்தி வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து யாரோ ஒருவரின் சின்னஞ்சிறு குரல் கத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாவது வாசிப்பு மெதுவாகப் படிக்க வேண்டியது. அது எழுதிக்கொள்கிறவர்களுக்கானது. ஆடும் படகில் முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதுகிறவனுக்கு ஒரு வரிக்கு நான்கு நொடி வேண்டும் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ அளந்து வைத்த கணக்கு. வடக்குக் கரைக்கடல். நான்கு நொடி. காற்றைப் படித்தாள். நடுக்கடல். நான்கு நொடி. காற்றைப் படித்தாள்.

"தெற்கு வெளிக்கடல்," என்றாள்.

நான்கு நொடி விட்டாள். இன்னொரு நான்கு நொடியும் விட்டாள். அப்புறம் காற்றைப் படித்தாள்.